இரண்டு லினக்ஸ் கணினி, ஒரே மவுஸ்: லேப்டாப் பக்கம் போனதும் கர்சர் திக்கித் திக்கி நகர்கிறது

கேள்வி

வணக்கம் நண்பர்களே. வீட்டு மேசையில் இரண்டு கணினி. ஒன்று என்னுடைய டெஸ்க்டாப், லினக்ஸ் மின்ட் 22, சின்னமன் திரைச்சூழல், ரவுட்டரிலிருந்து நேராக லேன் கேபிள் வருகிறது. இன்னொன்று வேலைக்கான லேப்டாப், உபுண்டு 24.04, வைஃபையில் ஓடுகிறது. இரண்டுக்கும் தனித்தனியாகக் கீபோர்டும் மவுஸும் வைத்தால் மேசையில் கை வைக்கக்கூட இடம் இருக்காது. அதனால் இன்புட் லீப் (ஒரே கீபோர்டையும் மவுஸையும் நெட்வொர்க் வழியாகப் பல கணினிகளுக்குப் பகிரும் மென்பொருள்) போட்டு டெஸ்க்டாப்பை சர்வராகவும் லேப்டாப்பை கிளையண்டாகவும் வைத்திருக்கிறேன். டெஸ்க்டாப் திரையின் வலது ஓரத்தைத் தாண்டினால் கர்சர் லேப்டாப்புக்குப் போய்விடும். அதுவரை எந்தக் குறையும் இல்லை.

லேப்டாப் திரைக்குப் போனதும்தான் தொல்லை. கையை நகர்த்த ஆரம்பித்ததும் கர்சர் ஒரு கணம் அப்படியே நிற்கிறது, அப்புறம் நாலு விரற்கடை தள்ளித் திடீரென்று குதிக்கிறது. தட்டச்சு செய்தாலும் மூன்று நான்கு எழுத்து சேர்ந்தாற்போல் வந்து விழுகிறது. சின்ன பட்டன் ஒன்றைக் குறிபார்த்து அமுக்குவது பெரும்பாடாக இருக்கிறது. அதே மவுஸை லேப்டாப்பில் நேராகச் செருகினால் எந்தத் தடங்கலும் இல்லை.

இன்னொன்று, இது எனக்குப் புரியவே இல்லை: லேப்டாப்பில் ஏதாவது பெரிய ஃபைல் டவுன்லோட் ஆகிக்கொண்டிருக்கும் நேரத்தில் கர்சர் நன்றாக நகர்கிறது. டவுன்லோட் முடிந்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடியும் திக்க ஆரம்பிக்கிறது. நெட்வொர்க்கில் நெரிசல் கூடினால் நிலைமை மோசமாகத்தானே ஆக வேண்டும்?

லேப்டாப்பில் இப்போது எக்ஸ்11 (லினக்ஸில் திரையையும் மவுஸையும் கவனிக்கும் பழைய அமைப்பு, புதியது வேலண்ட்) செஷனில்தான் நுழைகிறேன். முன்பு இன்புட் லீப்பின் முன்னோடியான பேரியர் வைத்திருந்தபோது வேலண்ட் செஷனில் சில ஜன்னல்களின் மேல் மட்டும் மவுஸ் வேலை செய்தது, மற்றதில் ஒன்றுமே நடக்கவில்லை, அதனால் எக்ஸ்11-க்கு மாறினேன். இது தவிர, லேப்டாப்பில் பிளெண்டர் (3டி மாடல் செய்யும் நிரல்) திறந்து மவுஸை இழுத்து மாடலைத் திருப்பினால் காட்சி தாறுமாறாகச் சுழல்கிறது.

மென்பொருளே வேண்டாம் என்று ஒரு யுஎஸ்பி சுவிட்ச்சும் வாங்கிப் பார்த்தேன், பட்டனை அமுக்கினால் கீபோர்டும் மவுஸும் ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் வகை. அதில் வேறு தலைவலி. ஒவ்வொரு முறை டெஸ்க்டாப்புக்குத் திரும்பும்போதும் லாகின் ஆகும்போது ஓடும் ஸ்கிரிப்ட்டில் எக்ஸ்இன்புட் (மவுஸ் அமைப்பை மாற்றும்) கட்டளையால் நான் வைத்திருந்த மவுஸ் வேகம் போய்விடுகிறது. வயர்லெஸ் மவுஸின் டாங்கிளை (யுஎஸ்பி ரிசீவரை) அந்த சுவிட்ச்சில், வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளையில் செருகினால் கர்சர் அங்கங்கே நின்றுவிடுகிறது.

எந்த வழியில் போனால் நிம்மதி? மென்பொருளா, சுவிட்ச்சா? லேப்டாப்பை வேலண்டுக்கே திருப்பிவிட்டால் இந்தத் திக்கல் சரியாகுமா?


மறுமொழி 1

நன்றாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள், அந்த டவுன்லோட் விஷயம்தான் இதில் மிக முக்கியமான தடயம், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் கர்சரின் அசைவு எந்த இடத்தில் தொலைகிறது என்று கண்டுபிடியுங்கள். இது தெரியாமல் வேலண்டுக்கு மாறுவது, டிரைவரை மாற்றுவது, கெர்னலை மாற்றுவது என்று போனால் நாள்தான் போகும். உங்கள் கை அசைந்ததிலிருந்து லேப்டாப் திரையில் அம்பு நகர்வது வரை என்ன நடக்கிறது என்றால், மவுஸ் யுஎஸ்பி வழியாக டெஸ்க்டாப் கெர்னலுக்குச் சொல்கிறது, லிப்இன்புட் என்ற நூலகம் அதைப் படித்து வேக முடுக்கத்தைப் போட்டு எக்ஸ்11-இன் மையமான எக்ஸ் சர்வருக்குக் கொடுக்கிறது, இன்புட் லீப் அங்கிருந்து எடுத்து நெட்வொர்க்கில் 24800 என்ற டிசிபி போர்ட் வழியாக லேப்டாப்புக்கு அனுப்புகிறது, லேப்டாப்பில் இருக்கும் கிளையண்ட் எக்ஸ்டெஸ்ட் என்ற நீட்சியைப் பிடித்து "கர்சரை இந்த இடத்தில் வை" என்று அங்கிருக்கும் எக்ஸ் சர்வருக்குச் சொல்கிறது.

இதில் டெஸ்க்டாப் பக்கம் குறை இல்லை என்பது உங்களுக்கே தெரிகிறது, அங்கே கர்சர் ஒழுங்காக ஓடுகிறதே. சந்தேகம் இருந்தால் டெஸ்க்டாப் டெர்மினலில் சூடோ போட்டு லிப்இன்புட் டீபக்-ஈவென்ட்ஸ் கட்டளையை ஓட்டிக்கொண்டு, கர்சர் லேப்டாப்பில் இருக்கும்போதே மவுஸை நகர்த்துங்கள். வரிகள் விடாமல் ஓடினால் மவுஸும் கெர்னலும் சுத்தம். பலர் இந்தக் கட்டளையை லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்துவிட்டு "ஒன்றுமே வரவில்லை, டிரைவர் போய்விட்டது" என்று எழுதுகிறார்கள். லேப்டாப்பில் வராது, வரவும் கூடாது. எக்ஸ்டெஸ்ட் வழியாக வரும் அசைவு அந்த லேப்டாப்பின் கெர்னலைத் தொடுவதே இல்லை. அங்கே பார்க்க வேண்டுமென்றால் எக்ஸ்இவி என்ற கட்டளையின் ஜன்னலுக்கு மேல் கர்சரை நகர்த்திப் பாருங்கள், அல்லது எக்ஸ்இன்புட் லிஸ்ட் போட்டால் விர்ச்சுவல் கோர் எக்ஸ்டெஸ்ட் பாயிண்டர் என்று ஒரு சாதனம் தெரியும், அதன் வழியாகத்தான் எல்லாம் வருகிறது.

ஆக மிச்சம் இருப்பது நெட்வொர்க். இப்போது இதைச் செய்யுங்கள். லேப்டாப்பில் எல்லா டவுன்லோடையும் நிறுத்திவிட்டு, டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்பின் ஐபி முகவரிக்குச் சாதாரணமாக ஒரு பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளக்கும் கட்டளை) போடுங்கள், நொடிக்கு ஒன்று போகட்டும், ஒரு நிமிடம் ஓடட்டும். பிறகு லேப்டாப்பில் ஒரு பெரிய ஃபைலை டவுன்லோட் செய்துகொண்டே மறுபடியும் அதே பிங். இரண்டு எண்களையும் இங்கே போடுங்கள். திசை முக்கியம், டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு. என்ன வரும் என்று ஓரளவு எனக்குத் தெரியும், ஆனால் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசுகிறேன்.

பிளெண்டர் விஷயம் தனி, அதற்கும் திக்கலுக்கும் சம்பந்தம் இல்லை. இன்புட் லீப் வழக்கமாக "இவ்வளவு தூரம் நகர்" என்று அனுப்பாது, "திரையில் இந்தப் புள்ளிக்குப் போ" என்றுதான் அனுப்பும். பிளெண்டர் மாதிரி நிரல்கள் இழுக்கும்போது கர்சரைத் தாங்களே பிடித்து ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குத் திருப்பி வைக்கும், இரண்டும் மோதிக்கொள்ளும், காட்சி சுழலும். விளையாட்டுகளிலும் இதேதான். சர்வர் அமைப்பில் சார்பு அசைவாக அனுப்பு என்ற பொருளில் ரிலேட்டிவ் மவுஸ் மூவ்ஸ் என்று ஒரு தேர்வு இருக்கும், அதைப் போட்டுவிட்டு, கர்சர் லேப்டாப்பில் இருக்கும்போது ஸ்க்ரோல் லாக் அமுக்குங்கள். கர்சர் அந்தத் திரையோடு பூட்டிக்கொள்ளும், பிளெண்டர் ஒழுங்காகத் திரும்பும். வேலை முடிந்ததும் மறுபடி ஸ்க்ரோல் லாக்.

இதை மறக்காமல் நினைவில் வையுங்கள், ஏனென்றால் "கர்சர் ஒரே திரையில் மாட்டிக்கொண்டது, ஓரத்தைத் தாண்டவில்லை" என்று வரும் கேள்விகளில் நிறைய ஸ்க்ரோல் லாக் தெரியாமல் விழுந்ததால் வருவதுதான்.


மறுமொழி 2

வேலண்டுக்கு மாறினால் திக்கல் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். போகாது, அது வேறு அடுக்கு. ஆனாலும் அந்தப் பழைய அனுபவத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும், ஏனென்றால் எக்ஸ்11-இல் நீண்ட நாள் இருக்க முடியாது. உபுண்டு 25.10-இலேயே அதன் திரைச்சூழலான க்னோமுக்கு எக்ஸ்11 செஷனை எடுத்துவிட்டார்கள்.

எக்ஸ்11-இல் எந்த நிரலும் எந்த ஜன்னலின் கீபோர்டையும் மவுஸையும் கவனிக்கலாம், பொய்யான அசைவையும் உள்ளே தள்ளலாம். பேரியர் வகையறா எல்லாம் இந்தத் தாராளத்தின் மேல் கட்டியவை. வேலண்டில் அது கிடையாது, வேண்டுமென்றேதான் அப்படி வைத்தார்கள், பாதுகாப்புக்காக. பேரியர் அங்கே எக்ஸ்வேலண்ட் (வேலண்டுக்குள் பழைய எக்ஸ் நிரல்களை ஓட்டும் பாலம்) வழியாக மட்டும் பார்க்கும், அதனால் பழைய எக்ஸ் நிரல்களின் ஜன்னல் மேல் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும், மற்ற ஜன்னலில் கல் போல் நிற்கும். நீங்கள் பார்த்தது அச்சு அசலாக இதுதான்.

இதற்குச் சரியான வழி பின்னால் வந்தது. லிப்இஐ என்ற நூலகம், பீட்டர் ஹட்டரர் எழுதியது, லிப்இன்புட்டைப் பராமரிப்பவரும் அவரே. அதன் 1.0 பதிப்பு 2023-இல் வந்தது. அதோடு இன்புட் கேப்ச்சர், ரிமோட் டெஸ்க்டாப் என்று இரண்டு போர்ட்டல்கள், அதாவது நிரல்கள் அனுமதி கேட்டு நுழையும் வாயில்கள். மவுஸ் இருக்கும் கணினிக்கு முதலாவது வேண்டும், மவுஸை வாங்கிக்கொள்ளும் கணினிக்கு இரண்டாவது. க்னோம் 45-இலிருந்து இவை இருக்கின்றன, இன்னொரு திரைச்சூழலான கேடிஇ பிளாஸ்மாவில் இன்புட் கேப்ச்சர் 6.1-இல் சேர்ந்தது. உங்கள் உபுண்டு 24.04-இல் இருப்பது க்னோம் 46, எனவே கிளையண்டாக வேலண்டில் ஓட அடிப்படை வசதி இருக்கிறது. லிப்இஐ ஆதரவோடு கட்டப்பட்ட இன்புட் லீப் அல்லது டெஸ்க்ஃப்ளோ இருந்தால் போதும். முதல் முறை இணையும்போது "இந்த நிரல் உங்கள் கணினியை இயக்க அனுமதிக்கவா" என்று திரையில் கேட்கும், அதை லேப்டாப்பின் டச்பேடால்தான் அமுக்க வேண்டியிருக்கும், மவுஸ் இன்னும் வந்து சேர்ந்திருக்காது.

பெயர்கள் குழப்பினால் வரிசை இது: சினர்ஜி 2001-இல் தொடங்கியது, அதிலிருந்து பேரியர் பிரிந்தது, பேரியரைப் பராமரித்தவர்கள் 2021-இல் இன்புட் லீப் என்று பிரிந்தார்கள், சினர்ஜியின் கட்டற்ற மூலநிரல் 2024-இல் டெஸ்க்ஃப்ளோ என்று பெயர் மாறியது. பேரியரை இன்னமும் புதிதாக நிறுவாதீர்கள், அதை யாரும் கவனிப்பதில்லை.


கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சொன்ன மாதிரியே செய்தேன்.

டெஸ்க்டாப்பில் லிப்இன்புட் வரிகள் விடாமல் ஓடுகின்றன, கர்சர் லேப்டாப்பில் குதிக்கும் அதே நேரத்திலும். அப்படியானால் மவுஸ் நல்லது.

பிங் முடிவைப் பார்த்து எனக்கே ஆச்சரியம். லேப்டாப் சும்மா இருக்கும்போது ஒரு பாக்கெட் 8 மில்லிசெகண்டில் வருகிறது, அடுத்தது 94, அடுத்தது 61, இடையில் 180 கூட வந்தது, ஒரு ஒழுங்கே இல்லை. டவுன்லோட் ஓடும்போது எல்லாமே 3, 4, 6 என்று அடங்கிவிடுகிறது. எதிர்த்திசையில், லேப்டாப்பிலிருந்து ரவுட்டருக்குப் போட்டுப் பார்த்தால் சும்மா இருக்கும்போதுகூட எண்கள் இவ்வளவு மோசமில்லை.

ரவுட்டர் அடுத்த அறையில் இருக்கிறது, சிக்னல் முழுதாகக் காட்டுகிறது. ரவுட்டரை மாற்ற வேண்டுமா?

பிளெண்டர் சரியாகிவிட்டது, ஸ்க்ரோல் லாக் வேலை செய்கிறது.


மறுமொழி 1-ஐ எழுதியவர்

ரவுட்டரை மாற்ற வேண்டாம். இது லேப்டாப் வைஃபை அட்டையின் மின்சேமிப்பு, நான் எதிர்பார்த்த எண்கள்தான்.

வைஃபை அட்டை சும்மா இருக்கும்போது ரேடியோவை அணைத்துத் தூங்கிவிடும். தூங்கப் போகிறேன் என்று ரவுட்டரிடம் சொல்லிவிட்டுத்தான் தூங்கும். அதற்கு வரும் பாக்கெட்டுகளை ரவுட்டர் தன்னிடமே வைத்துக்கொள்ளும். ரவுட்டர் பெரும்பாலும் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை பீக்கன் என்ற அறிவிப்பை அனுப்பும், அதில் யாருக்குப் பாக்கெட் காத்திருக்கிறது என்ற பட்டியல் இருக்கும். அட்டை அந்த நேரத்துக்கு விழித்து, தன் பெயர் இருந்தால் வாங்கிக்கொள்ளும், சில அட்டைகள் ஒன்றிரண்டு பீக்கனைத் தவறவிட்டுத்தான் விழிக்கும். உங்கள் 94, 61, 180 எல்லாம் இந்தக் காத்திருப்பு. அந்த இடைவெளியில் நீங்கள் மவுஸை நகர்த்திய அத்தனை புள்ளிகளும் ரவுட்டரில் குவிந்து, ஒரே மூச்சில் வந்து சேர்கின்றன. கர்சர் நின்று குதிப்பதும், எழுத்துகள் கொத்தாக விழுவதும் அதனால்தான்.

டவுன்லோட் ஓடினால் அட்டைக்குத் தூங்க நேரமே கிடைப்பதில்லை, அதனால் கர்சர் சரியாகிறது. லேப்டாப்பிலிருந்து நீங்கள் பிங் போடும்போது அனுப்புவதற்காகவே அட்டை விழித்துக்கொள்கிறது, பதில் உடனே திரும்புவதால் அதையும் விழித்தபடியே வாங்கிவிடுகிறது, அதனால் அந்தத் திசையில் குறை தெரியவில்லை. இணையத்தில் உலாவும்போது யாரும் இதை உணராததற்கும் இதே காரணம்தான், அங்கே பேச்சைத் தொடங்குவது எப்போதும் லேப்டாப். மவுஸ் பகிர்வில் மட்டும்தான் சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் வெளியிலிருந்து உள்ளே, நேரம் தவறாமல் வந்தாக வேண்டும்.

உறுதிப்படுத்த, லேப்டாப்பில் ஐடபிள்யூ கட்டளையை எடுத்து, டெவ், பிறகு உங்கள் வைஃபை இடைமுகத்தின் பெயர், பிறகு கெட் பவர்_சேவ் என்று கொடுங்கள். ஆன் என்று வரும். அதையே சூடோவோடு செட் பவர்_சேவ் ஆஃப் என்று கொடுத்துவிட்டு உடனே மவுஸை நகர்த்திப் பாருங்கள், மறு துவக்கம் எதுவும் தேவையில்லை.

சரியானால் நிரந்தரமாக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை வைஃபை இணையும்போது பழையபடி ஆகிவிடும். உபுண்டுவில் ஈடிசி அடைவுக்குள் நெட்வொர்க்மேனேஜர், அதற்குள் கான்ஃப்.டி என்று போனால் டிஃபால்ட்-வைஃபை-பவர்சேவ்-ஆன்.கான்ஃப் என்ற கோப்பு இருக்கும். அதில் வைஃபை.பவர்சேவ் = 3 என்று இருக்கும். 3 என்றால் மின்சேமிப்பு போடு, 2 என்றால் அணை. அந்தக் கோப்பிலேயே கை வைக்காமல், பக்கத்தில் இசட்இசட் என்று தொடங்கி .கான்ஃப் என்று முடியும் பெயரில் புதிய கோப்பு ஒன்று வைத்து, முதல் வரியில் சதுர அடைப்புக்குள் கனெக்ஷன், இரண்டாம் வரியில் வைஃபை.பவர்சேவ் = 2 என்று எழுதுங்கள். கோப்புகளைப் பெயர் வரிசையில்தான் படிக்கும், கடைசியில் படித்தது நிற்கும், பொதி மேம்படுத்தல் வந்தாலும் உங்களுடையதைத் தொடாது. அப்புறம் நெட்வொர்க்மேனேஜர் சேவையை மறுதுவக்கம் செய்யுங்கள். டிஎல்பி என்ற மின்சேமிப்பு நிரலை நிறுவியிருந்தால் அதுவும் இந்த அமைப்பில் தலையிடும், சார்ஜரில் இருக்கும்போது அணைத்தும் பேட்டரிக்குப் போனதும் போட்டும் வைப்பது அதன் வழக்கம், அதையும் பாருங்கள்.

பேட்டரி கொஞ்சம் கூடுதலாகக் கரையும், உண்மைதான். மேசையில் சார்ஜரோடு கிடக்கும் லேப்டாப்புக்கு அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. முடிந்தால் லேப்டாப்புக்கும் ஒரு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள், அதைவிடச் சிறந்த தீர்வு கிடையாது.

கேபிளும் முடியாது, வைஃபை சுமாராகத்தான் இருக்கிறது என்பவர்கள் லேன்-மவுஸ் என்ற நிரலைப் பார்க்கலாம். இன்புட் லீப் டிசிபியில் போவதால் வழியில் ஒரு பாக்கெட் தொலைந்தாலும் அது மறுபடி வந்து சேரும் வரை பின்னால் வந்தவை எல்லாம் காத்திருக்கும். லேன்-மவுஸ் யுடிபியில் போகிறது, போர்ட் 4242, தொலைந்தது தொலைந்ததாகவே போய்விடும், அடுத்த அசைவு உடனே வந்துவிடும். மவுஸுக்கு அது போதும். அதன் பழைய பதிப்புகளில் குறியாக்கம் இல்லை, கீபோர்டும் அதே வழியில் போகிறது என்பதை மறக்காமல் புதிய பதிப்பையே எடுங்கள். இன்புட் லீப்பிலும் எஸ்எஸ்எல் என்ற குறியாக்கத் தேர்வை யாராவது அணைக்கச் சொன்னால் அணைக்காதீர்கள், நீங்கள் அடிக்கும் கடவுச்சொல் அத்தனையும் வீட்டு நெட்வொர்க்கில் அப்பட்டமாகப் போகும்.


மறுமொழி 3

சுவிட்ச் பக்கத்தை யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். வேலையிடத்தில் சர்வர்களோடு கேவிஎம் (ஒரே கீபோர்டு, திரை, மவுஸைப் பல கணினிகளுக்கு மாற்றும்) சுவிட்ச் வைத்துத்தான் என் பிழைப்பு, அதனால் எனக்கு இந்தப் பக்கம்தான் பிடிக்கும்.

யுஎஸ்பி சுவிட்ச் என்பது ஒரு ஹப், அதன் மேல்வயர் இரண்டாகப் பிரிகிறது, அவ்வளவுதான். பட்டனை அமுக்கினால் ஒரு கணினியின் பார்வையில் மவுஸைப் பிடுங்கிவிட்டார்கள், இன்னொன்றின் பார்வையில் புதிதாக ஒரு மவுஸைச் செருகினார்கள். உங்கள் வேகம் போவதற்கு இதுதான் காரணம். எக்ஸ்இன்புட் கட்டளையால் வைத்த மதிப்பு அந்தச் சாதனத்தின் மேல் ஒட்டியிருக்கிறது, சாதனம் போனதும் மதிப்பும் போகிறது. திரும்ப வருவது எக்ஸ் சர்வருக்குப் புதுச் சாதனம், அடையாள எண்ணே மாறியிருக்கலாம், உங்கள் ஸ்கிரிப்ட்டோ லாகின் ஆகும்போது மட்டும்தான் ஓடுகிறது.

மின்ட்டில் இதற்கு எளிய வழி, ஸ்கிரிப்ட்டைத் தூக்கிவிட்டுச் சின்னமனின் சிஸ்டம் செட்டிங்ஸில் மவுஸ் பகுதியிலேயே வேகத்தையும் முடுக்க வகையையும் வைத்துவிடுவது. பின்னணியில் ஓடும் சின்னமன் சேவை புதிதாக எந்த மவுஸ் வந்தாலும் அந்த மதிப்பைப் போட்டுவிடும். ஐ3 போல வெறும் ஜன்னல் மேலாளர் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சேவை இல்லை, அவர்கள் ஈடிசி, எக்ஸ்11, எக்ஸ்ஆர்க்.கான்ஃப்.டி என்ற அடைவில் இன்புட்கிளாஸ் பகுதி ஒன்று எழுதி, மவுஸின் பெயரை மேட்ச்ப்ராடக்ட் வரியிலும், லிப்இன்புட் டிரைவரையும், ஆக்செல்ப்ரொஃபைல் ஃபிளாட் என்பதையும் போட்டுவிட வேண்டும். எத்தனை முறை பிடுங்கிச் செருகினாலும் அது நிற்கும். சின்னமனில் இந்தக் கோப்பை எழுதினால் டெஸ்க்டாப் சேவை அதன் மேல் தன் மதிப்பைப் போட்டு மூடிவிடும், அதனால் உங்களுக்கு முதல் வழி.

வேலண்டில் எக்ஸ்இன்புட் கட்டளையும் இந்த எக்ஸ்ஆர்க் கோப்பும் பொருந்தாது, அங்கே எல்லாம் டெஸ்க்டாப்பின் சொந்த அமைப்புதான்.

அடுத்தது டாங்கிள். வெளி ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்துத் துளை என்றீர்கள், அது யுஎஸ்பி 3 என்று வைத்துக்கொள்கிறேன். யுஎஸ்பி 3 வேலை செய்யும்போது அதன் கேபிளும் கனெக்டரும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் சுற்றி ரேடியோ இரைச்சலைக் கக்கும், உங்கள் மவுஸ் டாங்கிள் கேட்பதும் அதே அலைவரிசையில். இன்டெல் 2012-இலேயே இதை அளந்து ஒரு அறிக்கை வெளியிட்டது. லினக்ஸுக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை, விண்டோஸிலும் இப்படியேதான் இருக்கும். ஹார்ட் டிஸ்க் சும்மா இருக்கும்போது மவுஸ் சரியாக இருந்து, பெரிய ஃபைலை நகலெடுக்கும்போது மட்டும் தடுமாறினால் நோய் உறுதி. மருந்து மலிவு, ஒரு யுஎஸ்பி 2.0 நீட்டிப்புக் கேபிள் வாங்கி டாங்கிளை மேசைக்கு மேலே, மவுஸுக்குக் கிட்டே கொண்டுவாருங்கள். ப்ளூடூத் மவுஸும் இதே அலைவரிசைதான், தப்பிக்காது.

ஹார்ட் டிஸ்க்கை சுவிட்ச்சிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்பேன். தனி அடாப்டர் இல்லாத சுவிட்ச் கணினியின் ஒரே துளையிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது, யுஎஸ்பி 2.0 துளை என்றால் 500 மில்லிஆம்பியர் வரைதான் கணக்கு, சுழலும் டிஸ்க் ஒன்று அதை அப்படியே சாப்பிட்டுவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டனை அமுக்கினால் ஃபைல் அமைப்பும் கெடும், அது மவுஸ் பிரச்சினையைவிடப் பெரியது.

சுவிட்ச் சரியாக மாறுகிறதா என்று பார்க்க டிமெசேஜ் கட்டளையை டபிள்யூ தேர்வோடு ஓட விட்டு பட்டனை அமுக்குங்கள். யுஎஸ்பி டிஸ்கனெக்ட் என்று ஒரு வரி, திரும்பி வரும்போது நியூ ஃபுல்-ஸ்பீட் அல்லது லோ-ஸ்பீட் யுஎஸ்பி டிவைஸ் என்று ஒரு வரி வந்தால் நல்லது. டிஸ்கிரிப்டர் படிக்க முடியவில்லை என்ற செய்தியோடு எரர் -71 அல்லது -110 திரும்பத் திரும்ப வந்தால் கேபிளோ மின்சாரமோ சரியில்லை. அதற்கு மென்பொருளில் வைத்தியம் தேடாதீர்கள், கேபிளை மாற்றுங்கள், குட்டையானதாக.

மவுஸ் சில நொடி சும்மா இருந்தபின் முதல் அசைவு மட்டும் தொலைகிறது, அல்லது ஒரு கிளிக் செய்த பிறகுதான் எழுகிறது என்றால் அது யுஎஸ்பி ஆட்டோசஸ்பெண்ட், சும்மா இருக்கும் சாதனத்தைத் தூங்கவைக்கும் மின்சேமிப்பு. பொதுவாகக் கெர்னல் மவுஸைத் தூங்க வைக்காது, யாராவது பவர்டாப் என்ற மின்சேமிப்புக் கருவியில் ஆட்டோ-டியூன் ஓட்டியிருந்தால் வைக்கும். அதை நிறுத்தினால் போதும். சர்வர் பக்கம் இன்னொரு கூத்து உண்டு: பிக்ஸ்ஆர்ட் சிப் வைத்த சில மலிவு மவுஸ்கள், டெக்ஸ்ட் கன்சோலில் யாரும் அவற்றைப் படிக்காமல் விட்டால் நிமிடத்துக்கு ஒரு முறை தாங்களே துண்டித்து மறுபடி இணைந்து லாகை நிரப்பும். இதற்காகவே கெர்னலில் ஆல்வேஸ் போல் என்ற திருத்தம் இருக்கிறது, பட்டியலில் உங்கள் மவுஸ் இல்லையென்றால் யுஎஸ்பிஹிட் மாட்யூலின் குவர்க்ஸ் அளபுருவில் அதன் எண்ணோடு 0x400 என்று கொடுத்தால் அடங்கும். பக்கவாட்டு பட்டன்கள் வேலை செய்யாமல் போனால், பெரிய கேவிஎம்களில் மவுஸ் படம் போட்ட துளையிலிருந்து எடுத்துச் சாதாரண யுஎஸ்பி துளையில் செருகுங்கள். மவுஸ் படம் போட்ட துளை பல மாடல்களில் உங்கள் மவுஸைக் காட்டாமல் தானே ஒரு பொதுவான மூன்று பட்டன் மவுஸாக நடிக்கும், மாறும்போது சாதனம் துண்டிக்காமல் இருப்பதற்காக.

எது வேண்டும் என்று கேட்டதற்கு என் பதில்: லேப்டாப் டிஸ்க் லக்ஸ் என்ற குறியாக்கத்தில் பூட்டியிருந்தால், பயாஸ் போக வேண்டியிருந்தால், சுவிட்ச்சை விடாதீர்கள். இன்புட் லீப் லாகின் ஆன பிறகுதான் உயிர் பெறும், துவக்கத்தில் கேட்கும் கடவுச்சொல்லை அதனால் அடிக்க முடியாது. திரையிலிருந்து திரைக்கு நாள் முழுக்கத் தாவிக்கொண்டே இருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் பட்டன் அமுக்குவது எரிச்சல், அங்கே மென்பொருள்தான் சரி.


கேள்வி கேட்டவர்

மின்சேமிப்பை அணைத்த அந்த நொடியே திக்கல் நின்றது. பிங் இப்போது லேப்டாப் சும்மா இருக்கும்போதும் 2 முதல் 5-க்குள் நிற்கிறது. நீங்கள் சொன்னபடி இசட்இசட் என்று தொடங்கும் கோப்பும் வைத்துவிட்டேன், மறு துவக்கத்துக்குப் பிறகும் ஆஃப் என்றே காட்டுகிறது. டிஎல்பி என்னிடம் இல்லை.

வேகத்தைச் சின்னமன் அமைப்பில் வைத்ததும் சுவிட்ச் மாற்றினாலும் மாறாமல் இருக்கிறது. டாங்கிளுக்கு நீட்டிப்புக் கேபிள் வாங்க வேண்டும், அதுவரை டிஸ்க்கை டெஸ்க்டாப்பின் முன்பக்கத்தில் செருகி வைத்திருக்கிறேன், கர்சர் நிற்பது நின்றுவிட்டது.

லேப்டாப் டிஸ்க் லக்ஸில்தான் பூட்டியிருக்கிறது. அதனால் துவக்கத்துக்கு லேப்டாப்பின் சொந்த கீபோர்டு, அப்புறம் நாள் முழுக்க இன்புட் லீப் என்று முடிவு செய்திருக்கிறேன். சுவிட்ச்சை அண்ணன் மகன் கேட்டிருக்கிறான், அவனிடம் கொடுத்துவிடுவேன்.

ஒரு சந்தேகம் மட்டும். உபுண்டுவின் அடுத்த எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புக்கு மாறும்போது லேப்டாப் வேலண்டுக்குப் போயாக வேண்டும், டெஸ்க்டாப் எக்ஸ்11-இலேயே இருக்கும். ஒன்று இப்படி, இன்னொன்று அப்படி இருந்தால் பேசிக்கொள்ளுமா?


மறுமொழி 2-ஐ எழுதியவர்

பேசிக்கொள்ளும். நெட்வொர்க்கில் போகும் மொழி இரண்டிலும் ஒன்றுதான், ஒவ்வொரு கணினியும் அந்த அசைவைத் தன் திரையில் எப்படிப் போடுகிறது என்பது மட்டும் மாறும். இப்போதே ஒரு முறை லாகின் திரையில் பல்சக்கரத்தை அமுக்கி வேலண்ட் செஷனில் நுழைந்து, அனுமதி கேட்கும் பெட்டி வருகிறதா என்று சோதித்துவிடுங்கள். அந்தப் பெட்டியே வராமல் இணைப்பு மட்டும் ஏற்பட்டு கர்சர் அசையாமல் இருந்தால், உங்களிடம் இருப்பது லிப்இஐ இல்லாமல் கட்டிய பொதி. அப்போது டெஸ்க்ஃப்ளோவின் ஃபிளாட்பேக் பொதியை எடுத்துப் போடுங்கள். லேப்டாப்பில் போர்ட் எதையும் திறக்க வேண்டாம், 24800 சர்வராக இருக்கும் டெஸ்க்டாப்பில் திறந்திருந்தால் போதும்.